வாசிக்கத் தெரியாவிட்டாலும் மேடை ஏறலாம்: 'பங்க் ராக்' இசை பிறந்த கதை

2016 நவம்பர் 26. லண்டன், தேம்ஸ் நதி. ஒரு படகில் பழைய டி-சர்ட்டுகள், போஸ்டர்கள், இசைத்தட்டுகள் என்று குவித்து வைத்து, ஒருவர் தீ வைக்கிறார். கரையில் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. எரிந்த பொருட்களின் மதிப்பு 50 லட்சம் பவுண்டுகள் என்று தீ வைத்தவரே சொன்னார்.

அவர் பெயர் ஜோ கோரே. அப்பா மால்கம் மெக்லாரன், 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' இசைக்குழுவின் மேனேஜர். அம்மா விவியன் வெஸ்ட்வுட், அந்தக் குழுவின் உடைகளை உருவாக்கிய டிசைனர். அந்தக் குழுவின் முதல் பாட்டு வெளிவந்து அன்றோடு சரியாக 40 ஆண்டுகள். லண்டன் மேயர் அலுவலகம் உள்ளிட்ட அமைப்புகளின் ஆதரவோடு அந்த ஆண்டு முழுக்க நகரத்தில் 'பங்க்' விழா நடந்துகொண்டிருந்தது.

அதிகாரத்தை எதிர்த்துப் பிறந்த இசைக்கு அதிகாரமே விழா எடுப்பதா? இதுதான் கோரேவின் கோபம்.

அவர் கோபப்பட்டது நியாயமா? அதற்கு முதலில் பங்க் என்றால் என்ன, அது எங்கே பிறந்தது, ஏன் பிறந்தது என்று தெரிய வேண்டும். வாங்க, பார்க்கலாம்.

பங்க் ராக் என்றால் என்ன?

'பங்க்' என்பது ஆங்கிலத்தில் ஒரு வசைச்சொல். நம்ம ஊரில் 'பொறுக்கி', 'உருப்படாதவன்' என்று திட்டுவோமே, கிட்டத்தட்ட அப்படி. அந்தத் திட்டையே பெயராக வைத்துக்கொண்ட இசை இது.

இதன் இலக்கணம் ரொம்ப சிம்பிள். பாட்டு இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். வேகம் அதிகம். எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், ஒரு பாடகர், அவ்வளவுதான். மூன்று நான்கு 'கார்ட்' தெரிந்தால் போதும். (கார்ட் என்றால், சில சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் மீட்டுவது.) குரல் இனிமையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாதி பாட்டு, பாதி கத்தல்.

எதைப் பற்றிப் பாடினார்கள்? வேலையின்மை, சலிப்பு, போலீஸ், அரசாங்கம், விளம்பரங்கள், சில நேரம் ஒன்றுமே இல்லாத வெட்டிப் பொழுது.

ஏன் இப்படி ஒரு இசை தேவைப்பட்டது?

1950-களில் ராக் இசை பிறந்தபோது அது எளிமையாகத்தான் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் நிலைமை மாறிவிட்டது. பெரிய ஸ்டேடியம், லாரி லாரியாகக் கருவிகள், பத்து நிமிட கிட்டார் சோலோ என்று ராக் கோடீஸ்வரர்களின் இசையாகிவிட்டது.

ஒரு உதாரணம். 1973-ல் 'யெஸ்' என்ற பிரிட்டன் குழு ஒரு இரட்டை ஆல்பம் வெளியிட்டது. மொத்தம் நான்கே பாட்டு. ஒவ்வொன்றும் ஒரு இசைத்தட்டின் முழுப் பக்கத்தையும் நிறைத்தது. மூன்று ஆண்டு கழித்து வந்த 'ரமோன்ஸ்' குழுவின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டு. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட ஓடாது!

இந்த வித்தியாசத்தில்தான் பங்க்கின் கதையே இருக்கிறது. முதல் ரகப் பாட்டைக் கேட்கும் ஒரு பையன் "இதெல்லாம் நம்மால் முடியாது" என்று நினைப்பான். இரண்டாவதைக் கேட்பவன் "அட, இது நானே பண்ணலாமே" என்று நினைப்பான்.

யார் முதலில் ஆரம்பித்தது?

இதற்கு ஒரே ஒரு பதில் கிடையாது. ஆனால் விதை போட்டவர்கள் பலர்.

1963-ல் அமெரிக்காவின் 'கிங்ஸ்மென்' குழு பாடிய 'லூயி லூயி' பாட்டில் வார்த்தை ஒன்றும் புரியவில்லை. ஆபாசமாக இருக்குமோ என்று எஃப்.பி.ஐ. விசாரணையே நடத்தியது. கடைசியில் அவர்களுக்கும் புரியவில்லை! வீட்டு கராஜில் பழகிய பையன்களின் இந்த முரட்டு இசைக்கு 'கராஜ் ராக்' என்று பெயர்.

தென் அமெரிக்காவிலும் அதே சத்தம் கேட்டது. பெரு நாட்டின் லிமா நகரில் 'லாஸ் சைகோஸ்' என்ற குழு 1965-ல் ரயில் நிலையத்தைத் தகர்ப்பது பற்றி ஒரு பாட்டு பாடியது. உலகின் முதல் பங்க் குழு இதுதான் என்று வாதாடுபவர்களும் உண்டு.

1960-களின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் இருந்து 'எம்சி5', 'ஸ்டூஜஸ்' என்ற இரண்டு குழுக்கள் வந்தன. ஸ்டூஜஸ் பாடகர் இக்கி பாப் மேடையில் சட்டை இல்லாமல் உருண்டு புரண்டு, கூட்டத்துக்குள்ளேயே குதிப்பார். மேடைக்கும் ரசிகருக்கும் நடுவில் இருந்த கோட்டை அவர் அழித்துவிட்டார்.

அதே மாகாணத்தின் டெட்ராய்ட் நகரில் மூன்று கறுப்பினச் சகோதரர்கள் 'டெத்' என்ற குழுவை நடத்தினார்கள். பெயரை மாற்றினால் பெரிய கம்பெனி ஒப்பந்தம் கிடைக்கும் என்ற நிலை வந்தது. மறுத்துவிட்டார்கள். 1970-களின் நடுவில் பதிவு செய்த பாட்டுகள் ஆல்பமாக வெளிவந்தது 2009-ல்தான். பங்க் வரலாற்றில் தாமதமாகச் சேர்க்கப்பட்ட பக்கம் இது.

நியூயார்க்: ஒரு பழைய பாரில் தொடங்கிய புரட்சி

1970-களின் நடுவில் நியூயார்க் மாநகராட்சி திவால் ஆகும் நிலையில் இருந்தது. மன்ஹாட்டனின் பவரி பகுதி வீடற்றவர்களும் குடிநோயாளிகளும் நிறைந்த இடம். வாடகை குறைவு. அங்கே 1973-ல் ஹில்லி கிறிஸ்டல் என்பவர் 'சிபிஜிபி' என்ற பாரைத் திறந்தார். கன்ட்ரி, ப்ளூகிராஸ், ப்ளூஸ் ஆகிய நாட்டுப்புற இசை வகைகளின் பெயர்ச் சுருக்கம் அது. அவர் நடத்த நினைத்ததும் அந்த இசையைத்தான். ஆனால் கதவைத் தட்டியவர்கள் வேறு ஆட்கள்.

டெலிவிஷன், ரமோன்ஸ், பாட்டி ஸ்மித், ப்ளாண்டி, டாக்கிங் ஹெட்ஸ் என்று வரிசையாக வந்தார்கள். இவர்களில் யார் பாட்டும் இன்னொருவர் பாட்டு மாதிரி இருக்காது. கவிஞராக இருந்த பாட்டி ஸ்மித் தன் கவிதைகளை ராக் இசையோடு சேர்த்து 1975-ல் 'ஹார்சஸ்' ஆல்பத்தை வெளியிட்டார்.

அதிகம் பேரைப் பாதித்தது ரமோன்ஸ். குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த நான்கு பேர். லெதர் ஜாக்கெட், கிழிந்த ஜீன்ஸ். நான்கு பேரும் 'ரமோன்' என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள், ஆனால் அண்ணன் தம்பிகள் அல்ல. 1976 ஏப்ரலில் வந்த முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய ஆன செலவு சுமார் 6,400 டாலர். அன்றைய பெரிய குழுக்களுக்கு அது சில்லறைக் காசு.

'பங்க் ராக்' என்ற சொல்லை அமெரிக்க இசை விமர்சகர்கள் 1970-களின் தொடக்கத்திலேயே பழைய கராஜ் ராக் குழுக்களுக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். 1976-ன் தொடக்கத்தில் நியூயார்க் இளைஞர்கள் சிலர் 'பங்க்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

லண்டன்: இரண்டு நிமிட டிவி பேட்டி நாட்டையே உலுக்கியது

அட்லாண்டிக் கடலுக்கு இந்தப் பக்கம் பிரிட்டனில் வேலை இல்லாதவர்கள் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 1976-ல் அரசே ஐ.எம்.எஃப்-பிடம் கடன் கேட்டு நின்றது. பள்ளி முடித்த இளைஞர்களுக்கு எதிர்காலம் இருட்டாகத் தெரிந்தது.

லண்டன் கிங்ஸ் ரோட்டில் மெக்லாரனும் வெஸ்ட்வுட்டும் ஒரு துணிக்கடை வைத்திருந்தார்கள். அந்தக் கடையைச் சுற்றி உருவானதுதான் செக்ஸ் பிஸ்டல்ஸ். பாடகர் ஜான் லைடன், மேடைப்பெயர் ஜானி ராட்டன். ராட்டன் என்றால் 'அழுகியவன்'. 1975 நவம்பரில் ஒரு கலைக் கல்லூரியில் முதல் நிகழ்ச்சி. 1976 நவம்பரில் முதல் சிங்கிள், 'அனார்க்கி இன் தி யூகே'. அதற்கு ஒரு மாதம் முன்பே 'தி டேம்ட்' குழுவின் 'நியூ ரோஸ்' வந்துவிட்டது. பிரிட்டனின் முதல் பங்க் சிங்கிள் என்ற பெருமை அதற்குத்தான்.

1976 டிசம்பர் 1. தேம்ஸ் டெலிவிஷனின் மாலை நேர நேரலை. வர வேண்டிய 'குவீன்' குழு வரவில்லை. பதிலுக்கு செக்ஸ் பிஸ்டல்ஸை உட்கார வைத்தார்கள். தொகுப்பாளர் பில் கிரண்டி அவர்களைச் சீண்டினார். "ஏதாவது மோசமாகப் பேசிக் காட்டு" என்கிற தொனியில் உசுப்பேற்ற, கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஜோன்ஸ் கெட்ட வார்த்தைகளை அள்ளி வீசினார். நேரலை என்பதால் வெட்டவும் வழியில்லை.

மறுநாள் பல பத்திரிகைகளில் அதுதான் முதல் பக்கம். கோபத்தில் ஒரு லாரி டிரைவர் தன் வீட்டு டிவியையே உதைத்து உடைத்ததாக 'டெய்லி மிரர்' செய்தி போட்டது. கிரண்டி இரண்டு வாரம் சஸ்பெண்ட். பிஸ்டல்ஸின் கச்சேரிகளைப் பெரும்பாலான ஊர்கள் ரத்து செய்தன. அடுத்த மாதமே இ.எம்.ஐ. கம்பெனி ஒப்பந்தத்தை முறித்தது. (மாதத் தவணை இல்லை, இது அன்றைய பெரிய இசைக் கம்பெனி!)

1977 மார்ச்சில் ஏ அண்ட் எம் என்ற கம்பெனி பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் வைத்து ஒப்பந்தம் போட்டது. ஆறே நாளில் அதுவும் கழற்றிவிட்டது. கடைசியில் கைகொடுத்தது வர்ஜின்.

அந்த ஆண்டு ராணி எலிசபெத் பதவியேற்ற வெள்ளி விழா. நாடே கொண்டாட்டத்தில் இருக்க, மே மாதம் 'காட் சேவ் தி குவீன்' என்று தேசிய கீதத்தின் தலைப்பிலேயே அரச குடும்பத்தைச் சாடி ஒரு பாட்டு வெளியிட்டார்கள். பிபிசி தடை விதித்தது. ஆனாலும் அதிகாரப்பூர்வ தரவரிசையில் 2-ம் இடம் பிடித்தது. முதலிடத்தைக் கொடுக்கக் கூடாது என்று தில்லுமுல்லு நடந்ததா என்ற சந்தேகம் இன்றுவரை பேசப்படுகிறது. ஆனால் நிரூபிக்கப்படவில்லை.

1978 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் கடைசிக் கச்சேரியோடு குழு சிதறியது. பேஸ் கிட்டாரிஸ்ட் சிட் விஷஸ் 1979 பிப்ரவரியில் போதைமருந்தால் இறந்தார். வயது 21. அவரை ஹீரோவாக்கும் போஸ்டர்களில் இந்தச் சோகம் தெரிவதில்லை.

'நீயே செய்': பங்க் விட்டுச் சென்ற உண்மையான சொத்து

பிஸ்டல்ஸ் சர்ச்சை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பங்க் உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் வேறு.

1976 ஜூன் 4. மான்செஸ்டரில் பிஸ்டல்ஸ் கச்சேரி. வந்தவர்கள் சுமார் 40 பேர்தான். ஆனால் அந்தச் சின்னக் கூட்டத்தில் இருந்த சில இளைஞர்கள் பின்னாளில் 'ஜாய் டிவிஷன்' குழுவைத் தொடங்கினார்கள். 'ஸ்மித்ஸ்' குழுவின் மோரிஸ்ஸியும் அங்கே இருந்தார். "இவர்களால் முடிந்தால் நம்மாலும் முடியும்" என்ற எண்ணம்தான் அன்று பற்றிக்கொண்டது.

கச்சேரியை ஏற்பாடு செய்தவர்கள் 'பஸ்காக்ஸ்' குழுவினர். பெரிய கம்பெனி வாசலில் அவர்கள் காத்திருக்கவில்லை. சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தாங்களே ஒரு இசைத்தட்டை வெளியிட்டார்கள். முதலில் அடித்தது 1,000 பிரதி. விற்றது பல மடங்கு. கம்பெனி இல்லாமலும் பாட்டை விற்கலாம் என்று ஊர் ஊராக இளைஞர்களுக்குப் புரிந்தது.

பத்திரிகையும் அப்படித்தான். மார்க் பெரி என்ற லண்டன் இளைஞர் ரமோன்ஸ் இசையைக் கேட்ட சூட்டில் 1976 ஜூலையில் 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற கைப்பத்திரிகையைத் தொடங்கினார். டைப் அடித்து, தலைப்பைக் கையால் எழுதி, ஜெராக்ஸ் போட்டு விற்றார். அதே காலத்தில் வந்த 'சைட்பர்ன்ஸ்' என்ற இன்னொரு கைப்பத்திரிகை, மூன்று கார்ட்களைப் படமாக வரைந்து காட்டி, இப்போது நீயே ஒரு குழு ஆரம்பி என்று வாசகர்களுக்குச் சொன்னது. பங்க்கின் முழு சித்தாந்தமும் அந்த ஒரு படத்தில் அடங்கிவிடும்.

நாஜி சின்னமும் நிறவெறிக்கு எதிரான மேடையும்

பங்க்கில் எல்லாமே நல்லது என்று சொல்ல முடியாது. பெரியவர்களை அதிர்ச்சிக்குள்ளாக்க சிலர் நாஜி ஸ்வஸ்திகா சின்னத்தைச் சட்டையில் மாட்டிக்கொண்டார்கள். 'சும்மா விளையாட்டுக்கு' என்றார்கள். ஆனால் தெருக்களில் 'நேஷனல் ஃப்ரண்ட்' என்ற இனவாதக் கட்சி வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. ஆசிய, கறுப்பினக் குடும்பங்கள் தாக்கப்பட்டன. பங்க் எந்தப் பக்கம் நிற்கும் என்ற கேள்வி விளையாட்டாக இல்லை.

1976 ஆகஸ்டில் பிரபல கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் மேடையிலேயே குடியேறிகளுக்கு எதிராகப் பேசினார். அதற்கு எதிர்வினையாக 'ராக் அகென்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று பல்லாயிரக்கணக்கானோர் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருந்து கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்காவுக்கு ஊர்வலமாகப் போனார்கள். அங்கே 'தி கிளாஷ்' என்ற பங்க் குழுவும், கறுப்பின இளைஞர்களின் 'ஸ்டீல் பல்ஸ்' ரெகே குழுவும் ஒரே மேடையில் ஏறின.

அதே மேடையில் 'எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்' பாடகி பாலி ஸ்டைரீனும் பாடினார். அப்பா சோமாலியர். பல்லில் கம்பி, பளிச்சென்ற உடை. 'அழகான பாடகி' என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று கம்பெனிகள் போட்ட கணக்கை அவர் மதிக்கவே இல்லை. 'தி ஸ்லிட்ஸ்', 'தி ரெயின்கோட்ஸ்' என்று பெண்கள் குழுக்களும் வந்தன. அதுவரை ராக் மேடையில் கிட்டார் பிடித்த பெண்கள் அபூர்வம்.

1979-ல் லண்டனில் பாகிஸ்தான் வம்சாவளி இளைஞர்கள் 'ஏலியன் கல்ச்சர்' என்ற பங்க் குழுவைத் தொடங்கினார்கள். வேறு கலாசாரத்து மக்களால் நாடு மூழ்கிவிடுமோ என்று மக்கள் பயப்படுவதாக மார்கரெட் தாட்சர் பேசியிருந்தார். அந்தப் பேச்சையே குழுவின் பெயராக்கித் திருப்பிக் கொடுத்தார்கள்.

பங்க் செத்துவிட்டதா?

1970-களின் இறுதியிலேயே இப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் அது இன்னும் வேகமாகி 'ஹார்ட்கோர்' ஆனது. வாஷிங்டன் டி.சி.யில் கறுப்பின இளைஞர்களின் 'பேட் பிரைன்ஸ்', கலிஃபோர்னியாவில் 'பிளாக் ஃபிளாக்', 'டெட் கென்னடிஸ்' என்று பல குழுக்கள். 'மைனர் த்ரெட்' குழு குடி, போதை வேண்டாம் என்று பாட, அது 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்ற வாழ்க்கை முறையாகவே மாறியது. அந்தக் குழுவின் இயன் மெக்கே 1980-ல் நண்பருடன் சேர்ந்து 'டிஸ்கார்ட்' என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். அது இன்றும் இயங்குகிறது. 1990-களில் 'பிகினி கில்' போன்ற குழுக்கள் 'ரயட் கேர்ள்' இயக்கமாகத் திரண்டன. ஆண்களின் தள்ளுமுள்ளில் பின்னால் ஒதுங்கிய பெண்களை முன்வரிசைக்கு அழைத்தார்கள்.

அதே நேரத்தில் பணமும் வந்தது. 1994-ல் 'கிரீன் டே' குழுவின் 'டூக்கி' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 1 கோடிக்கும் மேல் விற்றது. ஆனால் அவர்கள் வளர்ந்த பெர்க்லி நகரின் சின்னக் கிளப்பில் அவர்களுக்கு இடமில்லாமல் போனது. பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு அனுமதி இல்லை என்பது அங்கே விதி.

முன்னோடிகளுக்கு என்ன கிடைத்தது? ரமோன்ஸின் முதல் ஆல்பம் அமெரிக்காவில் 5 லட்சம் பிரதி என்ற 'கோல்டு' தகுதியை எட்டியது 2014 ஏப்ரலில்தான். வெளியாகி 38 ஆண்டு கழித்து! அப்போது நான்கு பேரில் உயிரோடு இருந்தவர் டிரம்மர் டாமி மட்டும். அடுத்த ஜூலையில் அவரும் காலமானார். இன்று உலகம் முழுக்க கடைகளில் அந்தக் குழுவின் டி-சர்ட் தொங்குகிறது. போட்டிருப்பவர்களில் எத்தனை பேர் பாட்டைக் கேட்டிருப்பார்கள்?

பாடினால் ஜெயில்

பங்க் வெறும் ஃபேஷனாகிவிட்டது என்பவர்களுக்குச் சில நாடுகளின் அனுபவம் பதில் சொல்லும்.

கிழக்கு ஜெர்மனியில் 1980-களில் 'ஸ்டாசி' ரகசிய போலீஸ் பங்க் குழுக்களுக்குள்ளேயே உளவாளிகளை நுழைத்தது. பல இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள்.

2011 டிசம்பரில் இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் ஒரு பங்க் கச்சேரிக்கு வந்த 60-க்கும் மேற்பட்ட இளைஞர்களை போலீஸ் பிடித்தது. தலையை மொட்டையடித்து, குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டி, 'நல்வழி' முகாமில் அடைத்தது.

2012 பிப்ரவரியில் மாஸ்கோவின் பெரிய தேவாலயத்துக்குள் 'புஸ்ஸி ரயட்' பெண்கள் புதினுக்கு எதிராக ஒரு நிமிடத்துக்குள் பாடி முடித்தார்கள். மூன்று பேருக்கு தலா இரண்டு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஒருவரின் தண்டனை மட்டும் பின்னர் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஒரு தமிழ்க் குரலும் உண்டு

1982-ல் தி கிளாஷ் குழு 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' என்ற பாட்டை வெளியிட்டது. பிரிட்டனில் ஒதுக்கப்படும் குடியேறிகளைப் பற்றியும், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுவிட்டுப் போன குழந்தைகளைப் பற்றியும் பேசும் பாட்டு.

25 ஆண்டு கழித்து, 2007-ல் அதே கிட்டார் மெட்டை எடுத்து 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டை உருவாக்கினார் எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர்ச் சூழலில் மீண்டும் லண்டனுக்கு அகதியாகப் போனவர். குடியேறிகளைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்களைக் கிண்டலடிக்கும் பாட்டு அது. அமெரிக்க டிவியில் அதன் துப்பாக்கிச் சத்தத்தை மாற்றித்தான் ஒளிபரப்பினார்கள். அமெரிக்கத் தரவரிசையில் 4-ம் இடம் வரை போனது, பிறகு 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் ஒலித்தது.

குடியேறிகளுக்காக ஒரு பங்க் குழு பாடியதை, குடியேறிய ஒரு தமிழ்ப் பெண் தன் குரலில் எடுத்துக்கொண்டார். யாரிடமும் அனுமதி கேட்காமல் பேசலாம் என்ற பங்க்கின் பாடம் இங்கேயும் வந்து சேர்ந்தது.

சரி, கோரே செய்தது நியாயமா?

தேம்ஸ் படகுக்குத் திரும்புவோம். கோரேவை விமர்சித்தவர்களும் இருந்தார்கள். அவரே பெரிய உள்ளாடை பிராண்டைத் தொடங்கியவர். அந்தப் பொருட்களை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டார்கள். சிபிஜிபி பார் 2006-லேயே மூடப்பட்டு, பின்னர் அந்த இடத்தில் விலையுயர்ந்த துணிக்கடை வந்துவிட்டது. மியூசியமும் கடையும் பங்க்கை விழுங்கிவிட்டன என்று அவர் நினைத்ததில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் படகில் எரிந்தது துணியும் காகிதமும்தான். ஒரு சட்டைக்கு லட்சக்கணக்கில் விலை வைத்தாலும், கொளுத்திச் சாம்பலாக்கினாலும், பங்க்குக்குப் பெரிதாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பழைய கிட்டார் ஒன்று, மூன்று கார்ட், சொல்வதற்கு ஒரு கோபம். இவை இருந்தால் எந்த ஊரிலும் அது மறுபடி தொடங்கும். 1976-ல் லண்டனிலும், 2011-ல் ஆச்சேயிலும் அதிகாரிகள் பயந்தது அந்தச் சட்டைக்கு இல்லை, இதற்குத்தான்.